அம்மாவின் நாலு மணி

ஆக. 4, திங்கள்
விடியும் முன்பே மழை. அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. ஆனாலும் அம்மா மூன்று மணிக்கே எழுந்து கட்டன் சாயா போட்டிருக்கிறாள். மார்பில் அறுவை முடிந்து கதிர்வீச்சு நடக்கும் இந்த நாட்களிலும் பழக்கம் மாறவில்லை. தினமும் மாலை நாலு மணிக்குத் திருவனந்தபுரத்தில் கதிர் மெஷின். பாறசாலையிலிருந்து ரயில். துணைக்கு நான்.

நேற்றுப் படித்தது மண்டையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரமாம். செல் தன்னைத்தானே பழுதுபார்ப்பதும் அதன்படி ஏறி இறங்குமாம். அப்படியானால் கதிரைக் காலையில் வாங்குவதும் மாலையில் வாங்குவதும் ஒன்றுதானா? புற்றுச் செல்லில் பல சமயம் அந்தக் கடிகாரம் கெட்டிருக்குமாம். நேரம் தெரியாத செல். பாவமா, பயமா, தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.
"எனக்குள்ள இவ்வளவு கடியாரம் உண்டா? பின்ன எனக்க வயித்துல பெறந்த நீ ஏன் அலாரம் வச்சும் எழும்பாம கெடக்குதே?"

வாங்க வேண்டியவை: மெல்லிய பருத்தித் துணி, சோப்பு. ரீசார்ஜ்.

ஆக. 5, செவ்வாய்
வெயில். மெஷின் அறை வாசலில் வழக்கத்தைவிட அதிகக் காத்திருப்பு. டெக்னீஷியன் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "அம்ம இன்னும் உறங்ஙிப் போயி."

இன்றைக்கும் படுத்ததும் உறங்கிவிட்டாளாம். பிறகு திடுக்கிட்டு விழிப்பு. உடம்பு அசைந்தால் மெஷினை நிறுத்தி, குறி பார்த்து மறுபடி படுக்கவைக்க வேண்டும். பல நாளாக இப்படித்தானாம். இதைப் பற்றி அம்மா என்னிடம் மூச்சு விடவில்லை.

திரும்பும் ரயிலில் யோசனை. மூன்றுக்கு எழுந்தவளுக்கு நாலு மணி என்பது நாள் முடியும் நேரம். எனக்கு அது வெறும் பிற்பகல். என் விழிப்பை வைத்து அவளுடைய பொழுதை அளந்திருக்கிறேன்.

ஆக. 6, புதன்
டாக்டரிடம் செல் கடிகாரம் பற்றிக் கேட்டேன். நல்ல கேள்வி, ஆனால் பதில் இன்னும் உறுதியில்லை, அதற்காக நேரத்தை மாற்றமாட்டேன் என்றார். ஒரு நாளும் தவறக்கூடாது, அசையக்கூடாது, அவருக்கு அதுதான் முக்கியம். உறக்கத்துக்காக வேண்டுமானால் மாற்றலாம். "முதல்ல காலையிலதானே சொன்னோம்? இவங்கதான் சாயங்காலம் வேணும்னாங்க."

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன்மா?"
"பாலு எடுக்க ஆளு வேண்டாமா?"

அப்பா வெட்டி முடித்ததும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஆட்டோவில் போய்விடுவார். சிரட்டைகளில் வடிந்த ரப்பர் பாலைக் காலையிலேயே வாளியில் சேர்ப்பது அம்மாவின் வேலை. அறுவைக்குப் பிறகு நிறுத்திவிட்டாள் என்று நம்பினேன். நான் எழும்பும் முன்பே முடித்திருக்கிறாள். வாளி தூக்கி அவள் கை வீங்கியதற்கு நான் கதிரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா வெடித்தார். "மவதான் எடுக்கான்னு எங்கிட்ட சொன்னியே!"
"சத்தம் போடாதீங்க. எடுக்காம விட்டா பாலு ஒறஞ்சு போவும்லா?"
"போவட்டும் சவம்! உனக்க கையாக்கும் எனக்குப் பெருசு."

இனி நான் எடுக்கிறேன் என்றேன் அம்மாவிடம்.
"நீயா? ரப்பர் எது, பிலாவு எதுன்னு தெரியுமாட்டி உனக்கு?"

ஆக. 8, வெள்ளி
தெளிந்த வானம். அம்மாவுக்குக் காலை நேரம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கும் காலையில்தான் சிகிச்சை. இருவரும் முதல் ரயிலில் போயாயிற்று.

தோட்டத்தில் வைத்தே எழுதுகிறேன். தாளெல்லாம் பிசுபிசுப்பு. கொசு. வெயில் ஏற ஏற மரத்தில் சொட்டு குறைந்துகொண்டே வருகிறது. மரத்துக்கும் நேரம் உண்டு போல. அதற்குள் என்ன கடிகாரம்? தேடிப் படிக்க வேண்டும். வாளி முக்கால். காலில் கொட்டியது கொஞ்சம்.

போன். அம்மா. எடுத்ததுமே கேட்டேன், "உறங்கினியாம்மா?"
"இல்ல மக்கா. அந்த மெஷினு எப்பிடிச் சுத்திச் சுத்திக் கறங்குதுன்னு இன்னைக்காக்கும் முழுசும் பாத்தேன். ஒரு தடவகூட நிறுத்தல்ல. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. அது கெடக்கட்டு, கீழ வரப்புல சாஞ்சு நிக்க மரத்துல எடுத்தியா?"

எடுத்தேன் என்றேன். அந்த மரத்துக்கு இனிதான் போக வேண்டும்.