சட்டையைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தது

அன்புள்ள என் பெரியவளுக்கு,

நீ, உன் வீட்டுக்காரர், குட்டி மூணு பேரும் காய்ச்சல் சளி இல்லாம இருக்கீங்கன்னு நம்பி எழுதுறேன். இங்க நாங்க உயிரோட இருக்கோம், சௌக்கியமான்னு மட்டும் கேட்காதே. உன் அப்பா போன்ல வீட்ல ஒரு விசேஷமும் இல்லைன்னு சொன்னாராமே, அது சுத்தப் பொய், முழங்கால் ஆபரேஷன் பண்ணின மனுஷன் வாயை மட்டும் நல்லாவே ஆட்டுறார். நடந்ததை நான் சொல்றேன் கேளு.

அப்பாவுக்குக் கால் சரியாகுற வரைக்கும் ஸ்கூல் வேனை ஓட்ட ஆள் தேடினோம்னு சொன்னேன் இல்ல, ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் வயசானவர், ஷேவ் பண்ணாத முகம், காலர் பிஞ்சிருந்துச்சு. இன்னொருத்தன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளன்னு ஷூ, அம்மான்னு கூப்பிட்ட குரல்லயே நான் விழுந்துட்டேன். அப்பா ஒரு நாள் பொறு, பிரார்த்தனை பண்ணிட்டு சொல்றேன்னார். இதுக்கெல்லாம் கடவுளைத் தொந்தரவு பண்ணுவாங்களா, பார்த்தாலே தெரியலையான்னு கத்தி, சாவியை நானே எடுத்து வெள்ளைச் சட்டைக்காரன் கையில கொடுத்தேன். அப்பா அவனுக்குக் கல்யாண மாப்பிள்ளைன்னு பேரு வச்சார், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏன்னா அவன் வேனைத் தினமும் கழுவி மெழுகு போட்டான், சீட்டுக்கு உறை மாட்டினான், ஜன்னலுக்கெல்லாம் நீலத்துணியில திரை தச்சுப் போட்டான். தெருவே பார்த்துச்சு, நானும் பெருமையா நின்னேன்.

உனக்கே தெரியும், உன் அப்பா பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கிவிட்டதும் கடைசி சீட் வரைக்கும் நடந்து போவார், ஒவ்வொரு சீட்டா கை வச்சு, அங்க உட்கார்ற பிள்ளையைச் சொல்லி, ஆண்டவனே பார்த்துக்கோப்பான்னுட்டுத்தான் இறங்குவார். பன்னிரண்டு வருஷமா நான் கிண்டல் பண்ணின பழக்கம் அது. ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பதாவது நாள், காலையில மணி ஒன்பதரை இருக்கும், வேன் திரும்பி வந்து கீழே ஷெட்ல நிக்குது, டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான், இவர் திடீர்னு மனசு சரியில்ல, வேன்ல போய்ப் பிரார்த்தனை பண்ணணும்னு எழுந்துட்டார். டாக்டர் மாடிப்படியே இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். கட்டில்ல உட்கார்ந்து கும்பிட்டா கடவுளுக்குக் காது கேட்காதான்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு, இருபத்திரண்டு படி, என் தோளைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினார்.

கதவைத் திறந்தா சூடு முகத்துல அடிச்சுது. கடைசி சீட்டுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவுல, தரையில, தூங்குமூஞ்சி கிடந்தான். சலவைக்கடைக்காரியோட மகன், ஏறினதுமே தூங்கிடுவானே, அவன்தான். முகம் சிவந்து, சட்டையெல்லாம் நனைஞ்சு, கூப்பிட்டா முனகல் மட்டும். நான் தூக்கிக்கிட்டு முக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், இந்த வயசுல எப்படி ஓடினேன்னு தெரியலை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிழைச்சுட்டான்.

டிரைவர் அழுதான். கண்ணாடியில பார்த்தேன், சீட்டெல்லாம் காலியா இருந்துச்சுன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவனைக் கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன். அவனும் என்னை மாதிரிதான், பளபளப்பைப் பார்த்து நிறைஞ்சு போனவன். மறுநாள் அவனே சாவியை வச்சுட்டுப் போயிட்டான். ஆனா எனக்கு ஆத்திரம் என் மேலதான்டி. வெளுத்ததெல்லாம் பால்னு நம்பி, அந்த ஒன்பது நாளும் நான் எந்தப் பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கலை. சட்டை மடிப்பே காப்பாத்தும்னு நினைச்சுட்டேன் போல.

சலவைக்கடைக்கு நானே போய்ச் சொன்னேன். மடிச்சுக்கிட்டிருந்த துணி மேலயே உட்கார்ந்துட்டா. மூணு நாள் பிள்ளையை அனுப்பலை. நாலாவது நாள் வேன் பக்கத்துல வந்து நின்னு, இனிமே யாரு ஓட்டுறதுன்னு கேட்டா. நான்தான்னேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கு, அப்பாவைத் தனியா விட மனசில்லாமதான் ஆள் தேடினோம்னு உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா, என் நரைச்ச தலையையும் நூல் கட்டின மூக்குக் கண்ணாடியையும் மேலயும் கீழயும் பார்த்தா. அப்புறம் மகனோட அவளும் ஏறி, கடைசி சீட்ல ஸ்கூல் வரைக்கும் உட்கார்ந்து வந்தா. நான் திரையையெல்லாம் கழட்டிட்டேன். எல்லாரும் இறங்கினதும் சீட் சீட்டா நான் போறதை வெளியில நின்னு பார்த்தா. இப்பப் பிள்ளையை மட்டும் ஏத்திவிட்டுட்டுப் போறா.

நீ குட்டியை விடப்போற காப்பகத்தோட போட்டோ அனுப்பி எப்படி இருக்குன்னு கேட்கிறே, சுவர்ல என்னடி இருக்கு. சொல்லாம கொள்ளாம ஒரு மத்தியானம் போய் நில்லு, அங்க இருக்கிறவ பிள்ளை மூக்கை எப்படித் துடைக்கிறான்னு பாரு. அதுக்கு அப்புறம் கடவுள்கிட்ட ஒப்படை. ஒப்படைச்சுட்டேன்னு கண்ணை மூடிக்கிறது வேற, உன் அப்பா மாதிரி சீட் சீட்டா கை வச்சுப் பார்த்துட்டு ஒப்படைக்கிறது வேற, எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது.

உங்க மூணு பேருக்கும் நீண்ட ஆயுசையும் நல்ல புத்தியையும் ஆண்டவன் கொடுக்கட்டும், குட்டி நெத்தியில எனக்காக ஒரு முத்தம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, கால் எப்படி இருக்குன்னு அவர்கிட்டக் கேட்காதே, என்கிட்டக் கேளு.

எப்பவும் உன்னையே நினைச்சுக்கிட்டு,
அம்மா