கோணல் காலர்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நேற்று டீச்சரம்மா நீ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நின்று, "இந்தக் காலர் உங்களுக்கு வராதாக்கா?" என்று கேட்டார். அளவு எடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

ஓவர்லாக் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது. உன் மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சுற்றி வளைத்து எழுதி ஏற்கெனவே மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். எனக்கு உன்மேல் பொறாமை. வயிறு எரிகிறது என்பார்களே, அதுதான்.

பட்டன் அடிக்கும் மெஷினில் உன் வலது கையில் இரண்டு விரல் போனபோது ஆஸ்பத்திரியில் நான் அழுதது பொய்யில்லை. "இனிமே வர்றவங்களோட பேசிட்டு உக்காந்திரு, வெட்டுறத நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் நான்தான். நீ கேட்கவில்லை. ஏழு மாதம் பழைய பேப்பரை இடது கையால் வெட்டிக்கொண்டே இருந்தாய். வலது கைக்காரருக்கென்று செய்த கத்தரிக்கோல், கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். தரை முழுக்கக் கோணல் துண்டுகள். பெருக்கும்போது முணுமுணுத்தேன், உனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

அந்தக் கோணலையே ஒருநாள் துணியில் வெட்டி, தோளில் சரிந்து விழுகிற காலராக்கிவிட்டாய். கோணலை மறைக்கத்தான் இருபது வருடமாக நான் தொழில் கற்றேன். உனக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை ஆறவில்லை.

போன மாதம், நீ தைத்த சட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு ரெடிமேட் கம்பெனியிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. அந்தக் காலரை வெட்டியவர் இரண்டு மாதிரி அனுப்ப வேண்டும், பிடித்துப்போனால் வெட்டும் பிரிவையே அவரிடம் ஒப்படைப்பார்களாம். நீ தனியாகப் போன பிறகும் நம் கடை லேபிளைத்தான் உள்ளே தைக்கிறாய், அதனால் இங்கே வந்திருக்கிறது. உனக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. நானே வெட்டினேன்.

ஒன்பது தடவை. உன்னைப் போல இடது கையில் பிடித்தால் கத்தரிக்கோல் துணியை மென்று துப்பியது. கடைசியில் சாக்குக் கட்டியால் கோணலாகக் கோடு போட்டு, வலது கையாலேயே வெட்டி, என்னுடையது என்று அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. தையல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டையை வெட்டிய கை இது இல்லை, அவரையே பதினைந்தாம் தேதிக்குள் மாதிரி அனுப்பச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இன்று தேதி ஆறு. உன் மாமாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே. என்னைத் திட்டுவதென்றால் தனியாக எழுதித் திட்டு.

நீ எனக்கென்று தைத்து அனுப்பிய சட்டை பீரோவில் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லி மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். நான் மழையைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் எழுதினேன். குறை கண்டுபிடிக்கத்தான் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். காலரைக் கோணலாக வெட்டுகிற நீ, நம் கடை லேபிளை மட்டும் ஒரு இழை பிசகாமல் நேராகத் தைத்திருந்தாய். அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

நன்றாக இருக்கிறது, குட்டி.

பதினைந்துக்குள் மாதிரி இரண்டையும் வெட்டி அனுப்பிவிடு. உன் இடது கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தக் காலர் வராத
உன் அக்கா