சேறு புகுந்த கயிறு

செப். 9, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். ஆய்வகத்தில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. கயிறு சோதிக்கும் மிஷின் மட்டும் ஓடுகிறது. செயற்கைக் கையின் இரும்பு விரல் மடங்கும், நிமிரும், மடங்கும். உள்ளே இழுப்பது பாலிஎத்திலீன் பின்னல் கயிறு, ஷூ லேஸைவிட மெலிசு. லட்சம் மடக்கு தாண்டியும் ஒரு நார் பிரியவில்லை. துறைத்தலைவர் (து.த.) எட்டிப் பார்த்தார். "பேப்பர் எழுதிடலாம்மா." எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்.

வாங்க: சின்னக் கப்பி 4, கத்தரி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மதியம் கோவிந்தராஜ் போன். (இனி கோ.) திருவாரூர் பக்கம் ஏழு மா (ரெண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) குத்தகைச் சாகுபடி. போன வருடம் வைக்கோல் கட்டும் மிஷினில் வலது கை மாட்டியது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். நாங்கள் செய்த மோட்டார் கையை மூன்று வாரமாக வயலில் போட்டுப் பார்ப்பவர்.

"மேடம், ஆள்காட்டி விரல் தொங்குதுங்க."

கயிறு போயிருக்கிறது. மூன்றே வாரத்தில்! முரட்டுத்தனமாக எதையாவது பிடித்திருப்பார் என்று நினைத்தேன்.

செப். 12, வியாழன்
கோ. வந்தார். ஜவுளிக்கடைப் பையில் கை. அறுந்த இடம் தவிர, வெளியே கயிறு புதுசு மாதிரி. பிளேடால் பின்னலைப் பிரித்தேன். உள்ளே மாவு மாதிரி வண்டல். ஒவ்வொரு மடக்குக்கும் உள்நாரை அரைத்திருக்கிறது.

"உள்ளே எப்படிண்ணே மண்ணு?"

"தெனம் வாய்க்கால்ல அலசித்தான் மேடம் காயவைப்பேன். மம்பட்டியக் கழுவாம யாராச்சும் கரையேறுவாங்களா? நீங்களும் சுத்தமா வச்சிக்கங்கன்னுதானே தாள்ல போட்டிருந்தீங்க."

போட்டிருந்தேன். முதல் வரியே அதுதான். மேட்டூர்த் தண்ணீர் கலங்கி வரும் மாதம். தஞ்சாவூரில் பிறந்துவிட்டு, வாய்க்காலே பார்க்காதவள் மாதிரி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னார். நிலத்துக்காரர் சிங்கப்பூரில். இங்கே அவருடைய காரியஸ்தர் மனுக் கொடுத்திருக்கிறார்: குத்தகைக்காரர் என்றால் சொந்த உடலுழைப்பு வேண்டும், கை போனவர் எப்படி உழைப்பார், குத்தகைப் பதிவை நீக்குங்கள் என்று. நீக்கினால் ஏழு மாவும் போச்சு. 18ஆம் தேதி வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வயலுக்கே வந்து பார்க்கிறார்.

"அன்னிக்கு ஒரு நாள் தாங்குனாப் போதும் மேடம்."

செப். 14, சனி
வெயில். நேற்று புதுக் கயிறு ஒன்றை வண்டல் கலந்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மிஷினில் மாட்டியிருந்தேன். காலையில் வந்தால் ஆறாயிரம் மடக்கிலேயே அறுந்து கிடக்கிறது. லட்சம் எங்கே, ஆறாயிரம் எங்கே.

து.த.விடம் பேப்பரை நிறுத்தலாம் என்றேன். "உலர்ந்த கயிறுன்னு தலைப்புல போட்டுட்டா முடிஞ்சுதேம்மா." முடியாது என்றேன். முகம் மாறிவிட்டது. மாறட்டும்.

கண் மருந்து மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

செப். 16, திங்கள்
மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கிக் கயிற்றுக்கு உறையாகப் போட்டேன். (கண் மருந்தும் ஆச்சு.) விரல் மடங்கும் இடங்களில் உறை நிற்கவில்லை. அங்கே திறந்தேதான். நான்கு விரலுக்கும் புதுக் கயிறு. ஒரு நாள் தாங்கும். தாங்க வேண்டும்.

செப். 18, புதன்
ராத்திரி மழை. வயல் சொதசொத. காரியஸ்தர் கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னாலேயே நின்றார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும் என்று கோ.வின் மனைவி என் காதில் சொன்னார்.

சம்பா நடவுக்கு வரப்பு வெட்டு. கோ. கையை மாட்டி மண்வெட்டியைப் பிடித்தார். நன்றாகவே பிடித்தது. பத்தடி போயிருப்பார்.

"வெட்டுறது இவரா சார், மோட்டாரா? மோட்டார் வெட்டுனா அது உடலுழைப்பா?" காரியஸ்தர்.

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

மோட்டார் விரலை மடக்குவதோடு சரி, வெட்டுவது அவர் தோள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். டப். பின்னாலேயே இன்னொன்று. இரண்டு விரல் தொங்கியது. மற்ற இரண்டும் பிடியை விட்டன.

கோ. நிற்கவில்லை. கையைக் கழற்றி வரப்பில் வைத்தார். காம்பை வெறும் உள்ளங்கையில் முட்டுக் கொடுத்து, கட்டைவிரலால் அணைத்து, இடது கையால் இறுக்கிப் பிடித்து வெட்டினார். கோணல்தான். வலித்திருக்கும்.

"போதும்ணே, நிறுத்துங்க," என்றேன்.

கேட்கவில்லை. மறுகோடி வரைக்கும் போனார்.

ஆர்.ஐ. பேனாவை எடுத்தார். "இப்ப அந்த மிஷின் என்னம்மா வேலை செய்யுது?"

வரப்புச் சேற்றில் கிடந்த கையைப் பார்த்தேன். மூன்று வருட வேலை.

"ஒண்ணும் செய்யல சார்."

அதை அப்படியே எழுதி, கீழே 'வெட்டியது அவரே' என்று சேர்த்து, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.