சுவரில் மிஞ்சிய போட்டோ

செவ்வாய்க்கிழமை

சினிமாவுக்கு ராயபுரத்து வீடு மாதிரி செட் போடுகிறார்களாம். ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன் ஒருவன் காலையில் வந்து எங்கள் கேரம் போர்டையும் மாதா படத்தையும் வாடகைக்குக் கேட்டான். மீன்வலையும் கேட்டான்; புதிதைக் காட்டினேன். கிழிந்ததுதான் வேண்டுமென்றான். அப்போதே சந்தேகம் தட்டியது.

மகள் ஸ்டெல்லா பட்டம் வாங்கிய போட்டோவையும் கழற்றிக் கொடுத்தேன்.

"இது வேணாம்க்கா, அந்த வீட்டுக்கு செட் ஆகாது."

"அப்டி இன்னா மாரி வூடுப்பா அது?"

"நல்ல குடும்பம்தான்க்கா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். படத்தில் அந்த வீட்டு ஆள் வருவதற்கு முன்பே சாமான் அவன் யாரென்று காட்டிக்கொடுத்துவிடுமே!

மற்ற எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"வீட்ல பட்டாக்கத்தி ஏதாவது இருக்காக்கா?"