தட்டுவதா, வைப்பதா

1974 நவம்பர் 19, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வாடை கிளம்பிவிட்டது. குருநகர்க் கரை முழுக்க வள்ளங்கள் சும்மா கிடக்கின்றன. பாண் வரிசையில் நின்றும் பலனில்லை. மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்.

செய்ய வேண்டியது: அம்மாவுக்கு இருமல் மருந்து. சைக்கிள் செயின். மண்ணெண்ணெய்.

றீற்றா அக்காவின் மனுசன் பீற்றர் அத்தான் கப்பலால் வந்து நிற்கிறார். மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்: கப்பலின் எஞ்சின் அறைக்கு ஓர் ஆள் தேவை. தெரிந்த ஆள் இருந்தால் கூட்டி வா என்று எஞ்சினியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டிசெம்பர் பிறந்ததும் கொழும்பில் நிற்க வேண்டும். ஓர் இடம்தான்.

அண்ணையும் நானும் ஒன்றாக வாய் திறந்தோம். "நான் வாறன்." பிறகு இரண்டு பேரும் கோப்பையைக் குனிந்து பார்த்தோம்.

அண்ணைக்கு இரண்டு பெண் பிள்ளைகள். படுகிற மீன் எண்ணெய்க்கே காணாது. எனக்கு: சோதனை எடுத்தும், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்கிற தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் இல்லை. உத்தியோகமும் இல்லை. அண்ணையின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறேன், அதுவும் பிழையாக.

அத்தான்: "என்னைத் தெரிஞ்செடுக்கச் சொல்லாதேங்கோ. ரெண்டு பேரும் என்ரை மச்சான்மார்."

நவம்பர் 21, வியாழன்

மழை விட்டு விட்டு. செயின் வாங்கவில்லை.

அம்மா சொன்னது: "கோயிலிலை திருவுளச்சீட்டுப் போடுவம். சுவாமி எடுத்துத் தரட்டும்."

அண்ணை என்னைக் காட்டி: "மாதாவுக்கு முன்னாலை தோத்தா பிறகு ஆரைக் கோவிக்கிறது? கடுதாசி விளையாட்டிலை தோத்தா உவனையாவது கோவிக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பின்னேரத்துக்குள் அதுவே முடிவாகிவிட்டது. யார் முதலில் "சரி" என்றது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. நானாகவும் இருக்கலாம்.

வழக்கமாக அடிக்கிற 304 கடுதாசி விளையாட்டு இல்லை. அதற்கு ஆள் காணாது. அத்தானுக்குக் கப்பலில் ஓர் அமெரிக்கன் பழக்கிய போக்கர். மழைக்கு மூன்று நாளாக அதைத்தான் விளையாடுகிறோம். ஆளுக்கு இரண்டு கடுதாசி, மற்றவனுக்குக் காட்டாமல். பிறகு நடுவில் மூன்றை விரித்து வைப்பார்கள், எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பணயம் வைக்கலாம், அல்லது மேசையில் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். மற்றவன் வைத்தால் சரிக்குச் சரி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடுதாசியை எறிந்துவிட வேண்டும்.

பணயத்துக்குக் காசில்லை, கடற்கரையில் பொறுக்கிய சோகி. ஆளுக்குச் சரிபாதி. எவன் கையில் சோகி முடிகிறதோ அவன் ஊரில் நிற்பான்.

எங்கள் வீட்டுக் கடுதாசிக் கட்டு உதவாது. 304 அடித்து அடித்துப் பெரிய கடுதாசிகள் எல்லாம் ஊத்தை, அதில் சேராத சின்னதுகள் புதிதுபோல. முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். அத்தான் பெட்டிக்குள்ளிருந்து புதுக்கட்டு எடுத்தார்.

அக்கா: "வாழ்க்கையைச் சூதிலை வைக்கிறியளோ?" அத்தான் கட்டைப் பிரித்தார்.

நவம்பர் 24, ஞாயிறு

பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பின்னேரம் தொடங்கினோம். அத்தான்தான் கடுதாசி போடுகிறவர். அம்மா செபமாலையோடு அறைக்குள்.

என் கையில் இரண்டு ஆசு, கட்டிலேயே பெரிய கடுதாசி.  நடுவில் விழுந்தது எட்டு, ஒன்பது, பத்து. வைப்பதா, தட்டுவதா? வைத்தால் அண்ணை ஓடிவிடுவார் என்று பயந்து தட்டினேன். அவரும் தட்டினார். அடுத்தது வீரன், பத்துக்கு மேலுள்ளது. அண்ணை உடனே ஒரு பிடி சோகியைத் தள்ளினார். நானும் தள்ளினேன். கடைசிக் கடுதாசி எனக்கு உதவவில்லை. அவர் கையில் ராணி இருந்தது. எட்டிலிருந்து ராணிவரை வரிசையாக ஐந்து. என் ஆசுகள் செத்த மீன்.

அத்தான் பிறகு கிணற்றடியில்: "உப்பிடிக் கிட்டக்கிட்டக் கிடக்கேக்கை தட்டாதையடாப்பா. அவன் அடுத்த கடுதாசியைச் சும்மா பாக்க விடலாமோ? நல்ல கை எண்டா அங்கை வைக்கவேணும்."

சோகியில் பாதி போய்விட்டது.

நவம்பர் 25, திங்கள்

அம்மாவின் இருமல் கூடிவிட்டது. மருந்துக்கடையில் இருவர் கதைத்தது: "வெங்காயம் வைச்சவன் கல்வீடு கட்டுறான். நாங்கள் மீனைப் பிடிச்சுக் கொண்டு காயுறம்."

இன்று கையில் இரண்டு ராசா. நடுவில் ராசா, ஏழு, இரண்டு. மூன்று ராசா என்னிடம்! நேற்றைய பாடத்தை நினைத்து உடனே பெரிதாக வைத்தேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார், கடுதாசியை எறிந்தார். கிடைத்தது நாலைந்து சோகி.

அத்தானுக்குச் சிரிப்பு. "நேற்று மூண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இண்டைக்குத் தூரத்தூரக் கிடக்குது. உதிலை அவனுக்கு என்ன வரப்போகுது? ஏன் வெருட்டினனீ? பேசாமல் இருந்தா அவனே கொண்டுவந்து தருவான்."

அண்ணையும் கேட்டுக்கொண்டு இருந்தார். பகிடிபோல: "அத்தான், ஆருக்குப் பழக்கிறியள்?" அத்தான் முகம் மாறிவிட்டது. இனி ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார்.

நவம்பர் 27, புதன்

நேற்றும் இன்றும் சின்னச் சின்னதாகப் பிடித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் ஏறக்குறையச் சமன்.

அண்ணை வைக்கிறபோது பெரிதாக வைக்கிறார், நல்லது வந்தாலும் வராவிட்டாலும். நான் தட்டினால் அவருக்குப் பொறுக்காது. மேசையில் சோகி சும்மா கிடக்க அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அண்ணனை இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

பின்னேரம் தண்ணி அள்ளப் போனபோது லூர்து அண்ணி வந்தார். வாளியை வாங்குவதுபோல நின்றுகொண்டு மெல்ல:

"தம்பி, நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நீங்கள் வெல்லுங்கோ."

"ஏன் அண்ணி?"

"உங்கடை அண்ணைக்குக் கரை தெரியாத கடல் பயம். ஒருக்கா நெடுந்தீவுக்கு அங்காலை காத்து இழுத்துக்கொண்டு போனது. வந்து ஒரு கிழமை சாப்பிடேல்லை. எங்களுக்காகத்தான் போகப்போறனெண்டு நிக்கிறார்."

வாளியைக் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் வந்தது. அதுதான் இப்போது நித்திரையைக் கெடுக்கிறது. அவருக்குப் பயம் என்பதற்குக் கவலைப்படாமல், எனக்கு வெல்ல ஒரு நியாயம் கிடைத்ததே என்று.

நவம்பர் 28, வியாழன்

முடிந்தது.

மழை இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது. என் கையில் இரண்டு ஒன்பது. அத்தான் விரித்தார்: ராசா, ஒன்பது, இரண்டு. மூன்று ஒன்பது என்னிடம். தூரத்தூரக் கிடக்கிற கடுதாசிகள். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அதுதான் கஷ்டம். தெரியாமல் இருந்தால் எதையாவது செய்திருப்பேன்.

வைத்தால் அண்ணை எறிந்துவிடுவார். விளையாட்டு இன்னொரு நாள் போகும், இரண்டு பேரும் இன்னொரு நாள் இப்படியே. தட்டினால் அவர் வருவார்.

தட்டினேன்.

அண்ணையும் தட்டினார். அடுத்தது ராணி. மறுபடி தட்டினேன். அண்ணை கொஞ்சம் வைத்தார். யோசிப்பதுபோல நின்று, சரிக்குச் சரி வைத்தேன். கடைசிக் கடுதாசி ஆசு. மூன்றாம் முறையும் தட்டினேன். 

அண்ணை எல்லாச் சோகியையும் இரண்டு கையாலும் அணைத்து நடுவுக்குத் தள்ளினார். "உவ்வளவும்."

அப்போதுதான் பயம் பிடித்தது. ராசா, ராணி, ஆசு நடுவில் கிடக்கின்றன. அவரிடம் வீரனும் பத்தும் இருந்தால் வரிசை முடிந்தது, நான் போனேன். நான் சும்மா விட்டுச் சும்மா விட்டு வரவழைத்த கடுதாசிகள். அண்ணை என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதை எல்லாம் தள்ளினேன். ஒன்பதுகளைத் திருப்பினேன்.

அவர் தன் இரண்டையும் குப்புற அத்தான் பக்கம் போட்டார். "நல்லாத் தட்டினாய்" என்றார். எழும்பி வலைக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா அறையிலிருந்து வந்து யார் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அண்ணி அங்கே அரிசி களைந்துகொண்டிருந்தவர், நிமிரவில்லை.

கப்பலுக்குப் போகப்போகிறேன். சந்தோசம் என்று எழுதிப் பார்த்தேன். வெட்டிவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

காற்று பலம். ஒருவரும் இறங்கவில்லை, அண்ணை மட்டும் விடியவே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தனிய.

மத்தியானம்வரை கரையில் நின்றேன். அண்ணி பிள்ளைகளோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.  பெரியவள் கேட்டாள்: "சித்தப்பா, அப்பா ஏன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?" அலைத் தூவலில் என் உடுப்பு நனைந்துபோச்சு, காய்ச்சல் வரும்போலக் கிடக்கிறது.

வந்துவிட்டார். பின்னேரம். பெரிய மீன் ஒன்றுமில்லை, கொஞ்சம் திரளி. வள்ளத்தை இழுக்கக் கை கொடுத்தேன். தடுக்கவில்லை. கதைக்கவும் இல்லை.

நவம்பர் 30, சனி

அத்தான் என்னைக் கோயில் மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சொல்வதா விடுவதா என்று யோசித்தாராம்.

"அண்டைக்குக் கடுதாசியைக் கட்டேக்கை உன்ரை அண்ணையின்ரையைப் பாத்தன். நாலும் ஏழும்."

நாலும் ஏழும். நடுவில் கிடந்த எதோடும் சேராது. ஒன்றுமில்லாத கை.

"வெருட்டிப் பாத்திருப்பார்" என்றேன்.

"இருக்கும். நீ தட்டினதைக் கண்டு உன்னட்டை ஒண்டுமில்லை எண்டு நினைச்சிருப்பார்." பிறகு அத்தான்: "ஆனா அவருக்கு உன்னைத் தெரியாதோ?"

மருந்து வாங்க மறந்து திரும்பிவிட்டேன். பிறகு மறுபடி போனேன்.

டிசெம்பர் 2, திங்கள்

காற்றுத் தணிந்தது. நாளைக்குக் கொழும்புக் கோச்சி ஏற வேண்டும். கேட்காமல் போக முடியாது. விடிய அண்ணை இறங்கும்போது நானும் ஏறினேன். தள்ளி எனக்கு இடம் விட்டார்.

மண்டைதீவு தெரிகிற இடத்தில் வலை விட்டோம்.

"அண்ணை, உங்களட்டை ஒண்டும் இருக்கேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அத்தான்."

வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டை இருக்குதெண்டு தெரிஞ்சுதான் தள்ளினியளோ? இல்லாட்டி நான் ஏமாத்திப் போட்டனோ?"

வலைக் கயிற்றைக் கொஞ்சம் விட்டார்.  பிறகு:

"தெரியும் எண்டு சொன்னா நீ போகமாட்டாய். தெரியாது எண்டு சொன்னா அங்கை போயும் நித்திரை கொள்ளமாட்டாய். எதைச் சொல்ல?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"நான் உனக்குத் தமையன். உனக்கு உண்மை சொல்லுறதுக்கு வந்தனோ? கயித்தைப் பிடி, இழுபடுது."

பிடித்தேன். கை எரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். வலையில் இருந்தது முழுக்கச் சாதாளைப் பாசி. அண்ணை தூசணத்தால் ஏசினார், கடலை, காற்றை, வலையை, என்னை. வியாழனுக்குப் பிறகு அவர் வாய் நிறையக் கதைத்தது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது. உப்புத் தண்ணி என்று துடைத்துக்கொண்டேன்.

கரைக்கு வரும்போது மட்டும் சொன்னார்: "அங்கை எஞ்சினுக்குக் கிட்டச் சாரத்தோடை நிக்காதை."

டிசெம்பர் 3, செவ்வாய்

விடிய. மழை இல்லை.

எடுத்தவை: இரண்டு காற்சட்டை, சேட், போர்வை, அம்மா கட்டிய ஒடியல் மா. அக்கா திருநீற்றுப் புதனுக்கு வைத்திருந்த குருத்தோலைச் சிலுவையைப் பெட்டிக்குள் திணித்துவிட்டார். அண்ணி புட்டு அவித்துக் கட்டித் தந்தார். "கவனம் தம்பி."  கண் சிவப்பு.

அத்தான் முன்னுக்குப் போய்விட்டார், கோச்சியில் சீற் பிடிக்க.

அம்மா அழுகிறார். பாதை நெடுகச் செபமாலை சொல்லச் சொல்கிறார். அண்ணை பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் போய் இறுக்கிக் கட்டச் சொன்னேன். "உனக்கென்ன தெரியும், விடு" என்கிறார். நானே கொண்டு போகிறேன் என்றதற்கும் விடவில்லை. கோச்சி ஸ்ரேசன்வரைக்கும் தானே சைக்கிள் உழக்குவாராம், நான் முன்னுக்குச் சைக்கிள் பாரில் இருக்க வேண்டுமாம், சின்னப் பிள்ளைபோல.

அண்ணை கூப்பிடுகிறார்