சைஃபின் முகம்

ஜூன் 9
இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மாமி என்னை மன்னிக்கணும். ஒரே அறை, விளக்கு அவர் கண்ணில்தான் அடிக்கிறது. பகலில் எழுதினால் "என்ன புள்ள எழுதுறே?" என்பார். உங்க மகனைப் பற்றித்தான் என்றா சொல்வேன்?

இன்று பரீஹாவுக்கு பால்வாடியில் முதல் நாள். வந்ததும் பாட்டு, ஆட்டம், "வாப்பா பாருங்க!" சைஃப் பார்த்தார். சுவரைப் பார்க்கிற மாதிரி. குழந்தை கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து ஆடினாள்.

அவர் காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் நின்று ஒரு வருஷம். பை தைக்கும் பட்டறைக்கும் ஒழுங்காகப் போகிறார். சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

ஜூன் 11
நெருள் வீட்டிலிருந்து என் உம்மா போன். "மண்ணாங்கட்டி கூட மழைக்குக் கரையும்டி. இவன் எதுக்கும் கரைய மாட்டான். புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துரு."
யோசிக்கிறேன் என்றேன். நிஜமாகவே யோசிக்கிறேன்.

ஜூன் 14
டாக்டர் சொன்னார்: "ஸ்கிசோஃப்ரினியாவில் இதுவும் நோய்தாம்மா. குரல் போன பிறகும் தங்கும். முகத்துல வரலைன்னா மனசுல இல்லைன்னு அர்த்தமில்லை."
சரி. மனசில் இருப்பதை மூன்று வயசுக் குழந்தை எங்கே போய்ப் பார்க்கும்? நான்?
சைஃப் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15
இன்றும் சிரிக்கவில்லை.

ஜூன் 18
அசிங்கமான காரியம் செய்தேன். பட்டறைக்குப் போன் பண்ணி, "பரீஹா படியில விழுந்துட்டா, ரத்தம்" என்றேன். பொய். அந்த முகம் ஒரு தடவையாவது மாறுமா என்று பார்க்கணும் — அவ்வளவுதான்.
"சரி" என்று வைத்துவிட்டார். சரியாம்!
கொஞ்ச நேரத்தில் மழையில் நனைந்து வாசலில் நின்றார். "எங்க அடி?" அதே குரல், அதே முகம். பரீஹாவின் தலை, கை, முட்டி எல்லாம் தடவிப் பார்த்தார்.
"ஒண்ணுமில்ல. நான்தான் பயந்துட்டேன்."
"சரி." மூலையில் போய் உட்கார்ந்தார்.
ஒரு பதற்றம், ஒரு கோபம்? கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 19
அவருக்குப் பக்கத்து மிஷினில் தைக்கும் சுடலைக்கண்ணன் காலையில் வந்தான். கையில் அவர் செருப்பு.
"பாப்பாவுக்கு எத்தன தையல் போட்டாவ, மைனி?"
"தையல் இல்ல... லேசான அடிதான்." இன்னொரு பொய்.
"அண்ணன் ஓடுன ஓட்டம் இருக்கே! மிஷின ஆஃப் பண்ணல, செருப்பு போடல. கல்லிச் சந்துல நாலு பேரு மேல இடிச்சு, ஒருத்தன் ஏசுறான் பாருங்க, காது கூசுது. இவுக திரும்பியே பாக்கல."
அவன் போனதும் சைஃபின் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் நீளமாக ஒரு கிழிசல். நேற்று முழுக்க இந்தக் காலோடுதான் உட்கார்ந்திருந்தாரா? நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே.
கழுவி மருந்து போட்டேன்.
"வலிச்சுதா?"
"ம்."
"ஏன் சொல்லல?"
"நீ கேக்கல."

ஜூன் 20
மச்சான், இந்த நோட்டை உங்க தலையணை மேல வைக்கிறேன். பதினெட்டாம் தேதியையும் படிங்க. கோபம் வந்தா வரட்டும். நாளைக்கு உம்மா எங்களுக்காகக் காத்திருப்பாங்க. உங்க முகத்தைப் பார்த்து நானா முடிவு பண்ணினது தப்பு, அதனால கேக்கிறேன். நாங்க போகவா, இருக்கவா? வாயால வரலைன்னா இங்கேயே எழுதுங்க. தமிழ் எழுத்து தடுமாறினா, பள்ளியில படிச்ச இந்தியில எழுதுங்க. ஒரு வரி போதும். காலையில நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள பதில் எழுதிருங்க.