கூட்டுக்குள் ஒரு மெட்டி

பிப்ரவரி 3, 2025, திங்கள். அல் கூஸ்

படகுக்கு ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுப் புது வேலை. இரண்டு ஆள் நீளத்துக்கு ஃபைபர் கூடு. உள்ளே கருவி வைத்து, ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வடதுருவக் கடல் மேல் பறப்பார்களாம். கீழே ஐஸ் எத்தனை கனம் என்று அது சொல்லுமாம். இன்ஜினியர் பானுப்பிரியா மேடம், மெட்ராஸ்காரர். "உள்ள ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது அண்ணே. மெட்டல் இருந்தா அளவு தப்பிடும்."

போட்டோ காட்டினார். ஒரே வெள்ளை.

பிப்ரவரி 11

நாகஜோதி இறந்து ஐந்து மாதம். மனைவியின் காரியத்துக்குப் போகக்கூட லீவு கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவரிடம் கொடுத்தனுப்பிய அவளுடைய ஒற்றை மெட்டிதான் என்னிடம் இருக்கிறது.

டிவியில் பனி கொட்டுவதைப் பார்த்து ஒருதரம் சொன்னாள், "அங்கிட்டு ஒரு வேலை பாருங்க, நானும் வாரேன்." பிளேனில் ஏறாமலே போய்ச் சேர்ந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு விசிட் விசா எடுத்திருக்கக் கூடாதா நான்?

பிப்ரவரி 14

வைத்துவிட்டேன். கூட்டின் மூக்கில், இரண்டு அடுக்கு ஃபைபருக்கு நடுவே. இத்தனூண்டு வெள்ளி. என்ன ஆகிவிடும்?

பிப்ரவரி 21

இங்கே கடல் மேல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். வளைகுடாவில் ஏது ஐஸ்? பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அரை மீட்டர் காட்டியதாம். மூக்குப் பக்கம் ஏதோ மெட்டல் என்றார் மேடம்.

மூக்கை மூடியது யார் என்று ஃபோர்மேன் முஆத் கேட்டார். பேப்பரில் அருள்ராஜ் பெயர். என் ரூம்காரன். அன்று அவனுக்குக் காய்ச்சல் என்று நான்தான் அந்த வேலையைச் செய்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் பொண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாதம்.

பிப்ரவரி 22

முஆத்திடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 24

நானே அறுத்து எடுத்துக் கொடுத்தேன். "கலாஸ், ரெங்கராஜ். விசா கேன்சல்." முஆத் கோபப்படக்கூட இல்லை. அருள்ராஜ் தப்பித்தான்.

மேடம் மெட்டியைத் துடைத்தபடி யாருடையது என்று கேட்டார். சொன்னேன். மெட்டியை என் கையில் திருப்பி வைத்தார்.

"கூடு ஹெலிகாப்டருக்கு இருபது மீட்டர் கீழ தொங்கும் அண்ணே. மேல என் பாக்கெட்ல இருந்தா ஒண்ணுமே ஆகாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். லீவும் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம், கால்ல விழுந்தாவது. எனக்கு எதையுமே கேக்கத் தெரியலையே—

மேடம் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு. சிவகங்கை

மேடத்திடமிருந்து செய்தி. முதலில் ஐஸ் இல்லாத தண்ணீர் மேல் பறந்தார்களாம், சரியாகப் பூஜ்யம். பிறகு ஐஸ். போன வருஷத்தைவிட மெலிசாம். கூடவே ஒரு போட்டோ. ஹெலிகாப்டர் ஜன்னல், வெளியே வெள்ளை, கையுறை போட்ட உள்ளங்கையில் மெட்டி.

பதினோரு வருஷம் அவள் இந்த வீட்டில், நான் வெளியூரில். ஞாயிறானால் போனில் ஒரே கேள்வி, "எப்ப வாரீக?" இப்போது நான் வீட்டில், அவள் வெளியூரில்.

மேடத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எப்போது வருவீர்கள் என்று மட்டும்தான் எழுத வந்தது.